பட்டாம்பூச்சியா, பிழையா? கணக்கு தடம் மாறும்போது தேடிப் பார்க்கும் வழி

"ஒரு எண்ணைத் துளி மாற்றினேன், விடை மொத்தமாக மாறிவிட்டது." இப்படிச் சொல்லிக்கொண்டு வருபவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் தன் ப்ரோகிராமில் எங்கோ பிழை இருக்கிறது என்று மூன்று நாளாகத் தூங்காமல் தேடிக்கொண்டிருப்பார். பிழையே இருக்காது, அந்தச் சமன்பாட்டின் குணமே அதுதான். தொடக்கத்தில் துளி மாறினால் போகப்போக விடையே தலைகீழாகும் இந்தக் குணத்துக்குப் பெயர் கேயாஸ், செல்லப் பெயர் பட்டாம்பூச்சி விளைவு. இன்னொருவர் "இது கேயாஸ், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். உள்ளே உண்மையான பிழை ஒன்று பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.

எனக்கு இரண்டாமவரைப் பற்றித்தான் கவலை அதிகம், ஏனென்றால் அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். ஊசல் ஒன்றின் கீழ் இன்னொரு ஊசல் தொங்கும் இரட்டை ஊசல் கணக்கில் விடைகள் சிதறின. கேயாஸ்தானே என்று இரண்டு வாரம் விட்டுவிட்டேன். கடைசியில் பார்த்தால் ஒரு இடத்தில் கோணத்தை டிகிரியில் கொடுத்திருந்தேன், ப்ரோகிராம் ரேடியனில் எதிர்பார்த்தது. அன்றிலிருந்து பட்டாம்பூச்சி மேல் பழி போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிட்டுத்தான் பேசுவது என்று வைத்துக்கொண்டேன். கீழே இருப்பது அந்தச் சோதனையும், அதற்கப்புறம் அறிகுறி பார்த்துத் தேடும் வழியும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

அதே ப்ரோகிராமை இரண்டு தடவை ஓட்டுங்கள். இரண்டாவது ஓட்டத்தில் தொடக்க மதிப்பை மட்டும் பத்துக் கோடியில் ஒரு பங்கு மாற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு விடைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, அதன் லாகரிதத்தை (மடக்கையை) வரைபடமாகப் போடுங்கள். விடையை வரையாதீர்கள், வித்தியாசத்தின் லாகரிதத்தை வரையுங்கள். அந்தப் படம்தான் பேசும்.

நேர்கோடாக ஏறி, ஒரு உயரத்துக்கு வந்ததும் மட்டமாக நின்றுவிட்டால், வித்தியாசம் பெருக்கல் கணக்கில் வளர்கிறது. பட்டாம்பூச்சி விளைவு என்பது இதைத்தான். கோடு ஆரம்பத்தில் வேகமாக ஏறி வரவரத் தளர்ந்து படுத்தால், பிழை கூட்டல் கணக்கில் சேர்கிறது. அது வேறு நோய், வேறு மருந்து. கீழே இறங்கினால் உங்கள் சமன்பாடு சிறு மாற்றங்களை விழுங்கிவிடும் சாதுவான சமன்பாடு. விடை மாறுவதற்குக் காரணம் வெளியே இருக்கிறது. ஒரே படியில் செங்குத்தாகத் தாவினால் பெரும்பாலும் ப்ரோகிராம் பிழை: தவறான அட்டவணை எண், முதல் மதிப்பு கொடுக்காத மாறி, எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று தவறிப்போகும் ஒரு நிபந்தனை. மோதல், உடைதல் மாதிரி திடீர் நிகழ்வுகள் உள்ள கணக்கில் மட்டும் தாவல் உண்மையாகவே இருக்கலாம்.

பெருக்கல் வளர்ச்சியைக் கண்ணால் பார்க்கக் கால்குலேட்டரே போதும். லாஜிஸ்டிக் சமன்பாடு என்று ஒன்று. 1976-ல் உயிரியலாளர் ராபர்ட் மே நேச்சர் இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பிரபலமானது. புதிய மதிப்பு = 4 × பழைய மதிப்பு × (1 − பழைய மதிப்பு). அவ்வளவுதான். ஒரு தடவை 0.300-லிருந்தும், இன்னொரு தடவை 0.301-லிருந்தும் தொடங்கினேன்:

படி 1: 0.8400, 0.8416
படி 2: 0.5376, 0.5332
படி 3: 0.9943, 0.9956
படி 4: 0.0225, 0.0176
படி 5: 0.0879, 0.0692
படி 6: 0.3208, 0.2576
படி 7: 0.8716, 0.7650
படி 8: 0.4476, 0.7190
படி 9: 0.9890, 0.8081
படி 10: 0.0434, 0.6202

பத்தே படியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம், இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அளவுக்கு வந்துவிட்டது. மூன்றாவது படியை மட்டும் நிறுத்திப் பாருங்கள். இரண்டாவது படியில் 0.0044 ஆக இருந்த வித்தியாசம் அங்கே 0.0012 ஆகக் குறைந்திருக்கிறது. மதிப்பு 0.5-க்குப் பக்கத்தில் இருக்கும்போது இந்தச் சமன்பாட்டின் வளைவு கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். அங்கே எந்த வித்தியாசமும் சுருங்கும். வேறு இடங்களில் மூன்று, நான்கு மடங்காகப் பெருகும். சராசரியில் படிக்கு இரண்டு மடங்கு. ஆகவே உங்கள் வரைபடம் மேலும் கீழும் நடுங்கிக்கொண்டே ஏறினால் பயப்பட வேண்டாம். மொத்தச் சாய்வைப் பாருங்கள். அந்தச் சாய்வுக்கு லியாபுனோவ் எண் என்று பெயர். இங்கே அது 2-இன் இயல் மடக்கை, 0.693.

உங்கள் சோதனையே சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, 4-க்குப் பதில் 3.2 போட்டு ஓட்டுங்கள். எங்கே தொடங்கினாலும் கொஞ்சப் படிகளில் 0.513, 0.799 என்று இரண்டு மதிப்புக்குள் மாறி மாறி நிற்க வேண்டும். வித்தியாசம் சுருங்கிக்கொண்டே போக வேண்டும். அங்கேயும் வித்தியாசம் வளர்ந்தால் பிழை உங்கள் ப்ரோகிராமில்தான்.

சரி, இனி அறிகுறிகள்.

அறிகுறி: பாதியில் நிறுத்தி மறுபடி தொடங்கினால் வேறு விடை வருகிறது

சேமித்த கோப்பைத் திறந்து எண்களை எண்ணிப் பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

இந்த அறிகுறியிலிருந்துதான் இந்தத் துறையே பிரபலமானது. 1961 குளிர்காலத்தில், அமெரிக்காவின் எம்ஐடியில் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லாரன்ஸ், ராயல் மக்பீ எல்ஜிபி-30 என்ற கணினியில் 12 சமன்பாடுகள் கொண்ட வானிலை மாதிரி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு பகுதியை நீளமாகப் பார்க்க விரும்பி, முன்பு காகிதத்தில் அச்சான எண்களையே நடுவிலிருந்து தொடக்க மதிப்பாகத் தட்டச்சு செய்துவிட்டுக் காபி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது மாதிரியில் இரண்டு மாத வானிலை ஓடியிருந்தது, ஆனால் பழைய ஓட்டத்தோடு ஒட்டவே இல்லை. முதலில் கணினியில் ஏதோ வெற்றிடக் குழாய் பழுது என்றுதான் அவர் நினைத்தார். வரிவரியாக ஒப்பிட்டபோது தெரிந்தது: தொடக்கத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன, அப்புறம் கடைசி இலக்கத்தில் மாறி, அந்த வித்தியாசம் சுமார் நான்கு நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டே போயிருந்தது. நினைவகத்தில் இருந்த எண் 0.506127. காகிதத்தில் இடம் மிச்சம் பிடிக்க அச்சானது 0.506.

அந்த வரிவரியான ஒப்பீட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். பழுது என்று பெயர் வைத்து ஒதுக்காமல், வித்தியாசம் எந்த வேகத்தில் வளர்ந்தது என்று அவர் பார்த்தார். மேலே சொன்ன முதல் சோதனை அதேதான்.

இன்றைக்கும் அதே பள்ளம் அப்படியே இருக்கிறது. எக்செல்லில் ஒரு நெடுவரிசையை மூன்று தசம இடத்துக்குக் காட்டும்படி வைத்துவிட்டு சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால், கோப்பில் போவது கண்ணுக்குத் தெரியும் மூன்று இடம்தான். பல மொழிகளில் சாதாரண அச்சுக் கட்டளை ஆறு இடத்தோடு நிறுத்திவிடும். வழக்கமான 64 பிட் மிதவைப்புள்ளி எண்ணை ஒரு பிட்கூட இழக்காமல் தசமத்தில் எழுதிப் படிக்க 17 இலக்கம் தேவை. 17 இலக்கமாகவோ, பதினாறடிமான வடிவிலோ, அல்லது நேராக இரும வடிவிலோ சேமியுங்கள். மதிப்போடு சேர்த்து, சீரற்ற எண் உருவாக்கியின் நிலையையும் சேமிக்க மறக்காதீர்கள்; அதை விட்டுவிட்டு 17 இலக்கம் எழுதிப் பயனில்லை.

அறிகுறி: அதே சூத்திரம், ஆனால் வேறு மாதிரி எழுதினால் வேறு விடை

மேலே உள்ள சமன்பாட்டையே அடைப்பை விரித்து, 4 × பழையது − 4 × பழையதின் வர்க்கம் என்று எழுதி ஓட்டிப் பாருங்கள். பள்ளிக்கூடக் கணக்கின்படி இரண்டும் ஒன்று. கணினியில் 50-லிருந்து 60 படிக்குள் இரண்டும் பிரிந்துவிடும்.

காரணம் எளிது. கணினி ஒவ்வொரு செயலுக்குப் பிறகும் விடையைத் தனக்குத் தெரிந்த மிக அருகிலுள்ள எண்ணுக்கு ரவுண்ட் செய்கிறது. 0.1, 0.2, 0.3 மூன்றையும் கூட்டச் சொல்லுங்கள். முதல் இரண்டை முதலில் கூட்டினால் 0.6000000000000001. பின் இரண்டை முதலில் கூட்டினால் 0.6. கடைசி இலக்கத்தில் 10⁻¹⁶ அளவு வித்தியாசம் பிறக்கிறது. படிக்குப் படி இரட்டிப்பானால் 53 படியில் அது 1-ஐத் தொடும். 53 என்ற எண் தற்செயல் இல்லை. 64 பிட் எண்ணில் மதிப்பின் இலக்கங்களுக்காக இருப்பது 53 பிட். படிக்கு ஒரு பிட் வீதம் கரைகிறது.

இதைச் சரி செய்ய வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். எந்த வடிவம் "சரி" என்று கேட்பதில் இங்கே பொருள் இல்லை, 60-வது படியில் இரண்டுமே தொடக்க மதிப்பை மறந்துவிட்டன.

அறிகுறி: என் மடிக்கணினியில் ஒன்று, சர்வரில் வேறு, சில சமயம் ஒரே கணினியில் ஒவ்வொரு தடவையும் வேறு

முன்பு சொன்னதன் தொடர்ச்சிதான், ஆனால் உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. கம்பைலர் வேகத்துக்காகக் கூட்டல் வரிசையை மாற்றியிருக்கும். சில செயலிகள் பெருக்கல், கூட்டல் இரண்டையும் சேர்த்து ஒரே தடவை ரவுண்ட் செய்யும், மற்றவை இரண்டு தடவை. பழைய இன்டெல் செயலிகள் உள்ளே 80 பிட்டில் கணக்குப் போட்டு வெளியே 64-க்குச் சுருக்கும். பல கோர்களில் ஓடும்போது எந்தக் கோர் முதலில் முடிக்கிறதோ அதன் பங்கு முதலில் கூட்டப்படும். அதனால்தான் ஒரே கணினியில் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது.

தேட வேண்டிய வரிசை: முதலில் ஒரே கோரில் ஓட்டுங்கள். விடை நிலைத்துவிட்டால் காரணம் கூட்டல் வரிசை. நிலைக்கவில்லை என்றால் முதல் மதிப்பு கொடுக்காத மாறி ஒன்று இருக்கிறது என்று கிட்டத்தட்டப் பந்தயமே கட்டலாம். அப்புறம் கம்பைலரின் வேகக் கணித விருப்பத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இத்தனைக்கும் மேல் இரண்டு கணினிகள் பிட் பிட்டாக ஒத்துப்போக வேண்டும் என்று அடம் பிடிப்பது பிழை தேடும் நாட்களில் மட்டும் பயன்படும். மற்ற நாட்களில் அந்த உழைப்பு வீண்.

அறிகுறி: கொஞ்ச நேரம் ஆடிவிட்டு 0-வில் போய் உட்கார்ந்துவிடுகிறது

இது எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி, ஏனென்றால் இங்கே எந்தப் படியிலும் ரவுண்டிங் பிழை துளியும் இல்லை.

ஒரு எண்ணை இரட்டிப்பாக்கு, 1-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ 1-ஐக் கழி. 0.1-லிருந்து தொடங்கினால் 0.2, 0.4, 0.8, 0.6, மறுபடி 0.2 என்று முடிவில்லாமல் சுற்ற வேண்டும். கணினியில் 54-வது படியில் 0.5 வரும், 55-வது படியில் 0. அப்புறம் என்றென்றைக்கும் 0.

இரும எண்ணில் இரட்டிப்பாக்குவது என்பது எல்லா இலக்கங்களையும் இடப்பக்கம் ஒரு இடம் தள்ளுவது. 1-ஐக் கழிப்பது முன்னால் வந்த இலக்கத்தை வெட்டி எறிவது. 0.1 என்பது இருமத்தில் முடிவில்லாப் பின்னம். கணினி வைத்திருப்பது அதற்கு மிக அருகில் உள்ள 3602879701896397-ஐ 2-இன் 55-வது அடுக்கால் வகுத்த எண். படிக்கு ஒரு இலக்கம் வெட்டிக்கொண்டே போனால் 55 படியில் கையிருப்பு தீர்ந்துவிடும். அவ்வளவுதான் கதை. தசம வகை எண்ணில் இதையே ஓட்டிப் பாருங்கள், 0.2, 0.4, 0.8, 0.6 என்று அழகாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

கேயாஸ் என்றால் உண்மையில் என்ன என்று இந்தச் சின்னக் கணக்கு மற்ற எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. தொடக்க மதிப்பின் கண்ணுக்கே தெரியாத கடைசி இலக்கங்களை ஒவ்வொன்றாக முன்னே இழுத்து வந்து காட்டும் இயந்திரம் அது. இலக்கங்கள் முடிவில்லாமல் இருக்கும்வரை ஆட்டம் முடிவில்லாமல் நடக்கும்.

தப்பிக்க வேண்டுமென்றால் 2-க்குப் பதில் 1.99999 போன்ற பெருக்கியைப் போடுங்கள், அல்லது ஒவ்வொரு படியிலும் கடைசி பிட்டில் ஒரு சீரற்ற பிட்டைச் சேருங்கள். மற்ற சமன்பாடுகளில் 0-வில் விழாமல் ஏதோ ஒரு நீளமான சுற்றில் மாட்டிக்கொள்ளும். கணினியில் எண்கள் முடிவுள்ளவை என்பதால் என்றாவது ஒருநாள் பழைய எண்ணே திரும்பி வரும், அப்புறம் அதே சுற்றுதான். கோடிக்கணக்கான படிகள் ஓட்டி சராசரி எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அறிகுறி: கால இடைவெளியைக் குறைக்கக் குறைக்க விடை ஒரு இடத்தில் நிற்கவில்லை

லாரன்ஸ் 1963-ல் வெளியிட்ட மூன்று சமன்பாடுகளை எடுத்துக்கொள்வோம்; மாறிலிகள் 10, 28, 8/3. காலத்தைச் சின்னச் சின்ன இடைவெளிகளாக வெட்டித் தீர்க்கும் ருங்கே-குட்டா முறையில் 0.01 இடைவெளியில் ஓட்டினீர்கள், 0.005-லும் ஓட்டினீர்கள், 50-வது கால அலகில் ஒப்பிட்டீர்கள், ஒத்துப்போகவில்லை. ப்ரோகிராம் தவறா?

50-வது அலகில் ஒப்பிட்டது தவறு. இந்தச் சமன்பாடுகளின் லியாபுனோவ் எண் சுமார் 0.9, அதாவது வித்தியாசம் இரண்டரை கால அலகுக்கு ஒருமுறை பத்து மடங்காகும். 16 இலக்கம் கையில் இருந்தால் 40 அலகுக்குள் எல்லாம் கரைந்துவிடும். இடைவெளியால் வரும் பிழை இதைவிடப் பெரியது என்பதால் நடைமுறையில் இன்னும் சீக்கிரமே பிரியும்.

சரியான சோதனை 1-வது கால அலகில். அங்கே இடைவெளியைப் பாதியாக்கினால் பிழை சுமார் 16-இல் ஒரு பங்காகக் குறைய வேண்டும், நான்காம் வரிசை ருங்கே-குட்டாவுக்கு அதுதான் கணக்கு. பாதியாகத்தான் குறைகிறது என்றால் சூத்திரத்தில் எங்கோ ஒரு கெழுவைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் 28-க்குப் பதில் 10 போட்டு ஓட்டுங்கள். எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் முதல் இரண்டு மதிப்புகளும் 4.899-க்கோ −4.899-க்கோ, மூன்றாவது 9-க்கும் போய் அடங்க வேண்டும். இந்த இரண்டையும் தாண்டிவிட்டால் ப்ரோகிராம் மேல் சந்தேகம் வேண்டாம்.

"இலக்கங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதாதா?" என்று உடனே கேட்பார்கள். கூட்டலாம், ஆனால் விலையைப் பாருங்கள். 16 இலக்கத்தை 32 ஆக்கினால் 40 அலகு 80 ஆகும், அவ்வளவுதான். இலக்கத்துக்கு இரண்டரை அலகு, அதற்கு மேல் பேரமே கிடையாது. 2014-ல் ஷிஜுன் லியாவோவும் உடன் ஆய்வாளரும் இதே சமன்பாடுகளை 10,000 கால அலகுவரை நம்பகமாகக் கணக்கிட 4,180 இலக்கங்களும் ஒரு சூப்பர்கணினியின் 1,200 செயலிகளும் தேவைப்பட்டன. 10,000-ஐ இரண்டரையால் வகுத்துப் பாருங்கள், 4,000 வருகிறது.

அறிகுறி: பிழை இருக்கிறது, ஆனால் மெதுவாக, சீராக ஏறுகிறது

பட்டாம்பூச்சியை விட்டுவிடுங்கள். இது சிறுதுளி பெருவெள்ளம்.

1982 ஜனவரியில் வான்கூவர் பங்குச்சந்தை புதிய குறியீடு ஒன்றை 1000-இல் தொடங்கியது. ஒவ்வொரு வணிகத்துக்குப் பிறகும் குறியீட்டைப் புதுப்பிக்கும்போது மூன்று தசம இடத்துக்கு மேல் உள்ளதை ரவுண்ட் செய்யாமல் வெட்டிவிட்டார்கள். வெட்டினால் எப்போதும் கீழ்நோக்கியே போகும். நாளுக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி, 1983 நவம்பரில் குறியீடு 520 சொச்சத்துக்கு வந்துவிட்டது. திருத்திக் கணக்கிட்டபோது வந்த மதிப்பு 1098.892.

இன்னொன்று சொல்லவே வருத்தமானது. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்புக் கருவி, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டு 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். கருவி நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணி, 24 பிட்டில் வெட்டிய 0.1-ஆல் பெருக்கியது. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் விழுந்த குறை ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் அது 0.34 வினாடியாகச் சேர்ந்தது. அந்த நேரத்தில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும்.

இவற்றைப் பட்டாம்பூச்சி விளைவுக்கு உதாரணமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கூடாது. கேயாஸ் என்றால் இலக்கத்தைக் கூட்டுவது கொஞ்ச நேரத்தை மட்டும் வாங்கித் தரும். இங்கேயோ ரவுண்டிங்கை ஒழுங்காகச் செய்திருந்தால், நேரத்தை முழு எண்ணாகவே கழித்திருந்தால், பிழை முழுதாகவே தீர்ந்திருக்கும். தீரக்கூடிய நோயைத் தீராத நோய் என்று சொல்லிவிடக் கூடாது. கோடு படுத்துக்கொண்டே ஏறுகிறது என்றால் உட்கார்ந்து தேடுங்கள், கண்டிப்பாகக் கிடைக்கும்.

அறிகுறி: படியும் இல்லை, காலமும் இல்லை; ஒரு கெழுவைத் தொட்டாலே விடை தாவுகிறது

1-லிருந்து 20 வரை உள்ள எண்களைத் தீர்வாகக் கொண்ட 20-ஆம் படிச் சமன்பாட்டை விரித்து எழுதினால், 19-ஆம் அடுக்கின் கெழு −210. அதை −210.0000001192 என்று மாற்றுங்கள். 1, 2, 3 எல்லாம் அப்படியே இருக்கும். 20 மட்டும் 20.8-க்குப் போய்விடும். 10-லிருந்து 19 வரை உள்ள பத்துத் தீர்வுகளும் மெய்யெண்ணாகவே இருக்காது, ஐந்து ஜோடிக் கலப்பெண்களாக மாறிவிடும். ஜேம்ஸ் வில்கின்சன் என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர் கண்டது இது.

இங்கே வளர்வதற்கு நேரமே இல்லை, ஆகவே முதல் சோதனை பயன்படாது. கேள்வியையே தவறான உருவத்தில் கேட்டிருக்கிறோம். கெழுக்களாக விரிக்காமல் காரணிகளாகவே வைத்துக்கொண்டால் சிக்கல் போய்விடும். அணிக் கணக்கில் தீர்வு தேடுகிறீர்கள் என்றால், கெழுக்களை விரிக்காமல் அணியிலிருந்தே நேராக ஐகன் மதிப்புகளை (அந்த அணிக்கே உரிய சிறப்பு எண்களை) கேளுங்கள்.

அறிகுறி: எத்தனை இலக்கம் கூட்டினாலும் அதே தவறான விடைதான்

பிரெஞ்சுக் கணினி அறிஞர் ஜான்-மிஷெல் முல்லர் கொடுத்த கணக்கு. முதல் மதிப்பு 11/2, இரண்டாவது 61/11. அடுத்தது = 111 − 1130 ÷ முந்தையது + 3000 ÷ (முந்தையது × அதற்கும் முந்தையது). உண்மையான விடை மெதுவாக 6-ஐ நோக்கிப் போகும். கணினியில் ஓட்டினால் பத்து, பன்னிரண்டு படிவரை அப்படித்தான் போகும். பதினைந்தைச் சுற்றி விலகும். இருபதைத் தாண்டும்போது 100-இல் போய் நிற்கும், நம்பிக்கையோடு, அசையாமல்.

இலக்கங்களை இரட்டிப்பாக்கினால் 6-இன் பக்கம் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மறுபடி 100. இந்தச் சமன்பாட்டுக்கு 100 பள்ளம், 6 மதில். சரியான தொடர் மதில் மேல் பூனையாக நடந்துகொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் துளி சாய்ந்தாலும் பள்ளத்தில்தான். பைத்தானின் பின்ன வகையில் எழுதினால் ரவுண்டிங்கே இல்லாததால் மதிலை விட்டு இறங்காது.

இது ஏன் ஆபத்தானது என்றால், விடை ஆடவில்லை. இரண்டு கணினியில் ஓட்டினாலும் 100, மூன்று மொழியில் எழுதினாலும் 100. ஒத்துப்போகிறதே என்று நம்பிவிடுவோம். இதற்கு ஒரே மருந்து, முடிவை மட்டும் பார்க்காமல் நடுவில் இருக்கும் மதிப்புகளையும் அச்சிட்டுப் பார்ப்பது. 5.9-ஐச் சுற்றி நிதானமாக வந்துகொண்டிருந்த தொடர் ஏன் திடீரென்று 15, 67 என்று ஏறுகிறது என்ற கேள்வி தானாகவே எழும்.

அறிகுறி: எல்லாம் பார்த்துவிட்டேன், உண்மையிலேயே கேயாஸ்தான். எனக்கு ஆனால் ஒரு விடை வேண்டும்

அப்படியென்றால் கேள்வியை மாற்ற வேண்டும்.

லாரன்ஸ் சமன்பாட்டில் 1,000-வது கால அலகில் புள்ளி எங்கே இருக்கும் என்று கேட்டால் பதில் கிடைக்காது. மூன்றாவது மதிப்பின் நீண்டகாலச் சராசரி என்ன என்று கேளுங்கள். எங்கே தொடங்கினாலும், எந்தக் கணினியானாலும், இடைவெளியை நியாயமாக வைத்திருக்கும்வரை 23.5-ஐச் சுற்றியே வரும். பாதைகள் பிரிகின்றன, படம் பிரிவதில்லை. மூன்று மதிப்புகளையும் புள்ளிகளாகப் போட்டால் கிடைக்கும் இரண்டு சிறகு உருவம் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான் வருகிறது. அது கணினியின் மாயத்தோற்றம் இல்லை, உண்மையிலேயே இருக்கிறது என்று வார்விக் டக்கர் 1999-ல் ரவுண்டிங் பிழைகளையும் கணக்கில் வைத்து நிரூபித்தார்.

தனிப் பாதையும் முழுப் பொய் இல்லை. 1987-ல் ஹேமல், யார்க், கிரெபோகி மூவரும் லாஜிஸ்டிக் சமன்பாட்டில் 4-க்குப் பதில் 3.8 வைத்து ஒன்றைக் காட்டினார்கள்: கணினி போட்ட பாதையை ஒட்டியே, 10⁻⁸ தூரத்துக்குள், ஒரு கோடிப் படிவரை உண்மையான பாதை ஒன்று கூடவே போகிறது. அது நீங்கள் தொடங்கிய புள்ளியின் பாதை அல்ல, பக்கத்துப் புள்ளி ஒன்றின் பாதை. ஆனால் உண்மையான பாதை. எல்லாச் சமன்பாட்டுக்கும் இந்த உத்தரவாதம் கிடையாது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

எதிர்காலம்தான் வேண்டும் என்றால், ஒரு தடவை ஓட்டிவிட்டு நிறுத்தாதீர்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்கணிப்பு மையம் 1992 முதல் இப்படித்தான் செய்கிறது. இப்போது அதன் குழு முன்கணிப்பில் 51 ஓட்டங்கள், ஒவ்வொன்றும் தொடக்கத்தில் துளித்துளி வேறுபட்டவை. 51-உம் ஒன்றாகப் போகும்வரை நம்பலாம், விரியத் தொடங்கும் நாளில் நம்பிக்கையும் குறைகிறது. நீங்களும் 20, 30 ஓட்டங்களாவது எடுத்து, எல்லாவற்றையும் ஒரே படத்தில் மெல்லிய கோடுகளாகப் போடுங்கள். சராசரிக் கோட்டை மட்டும் போட்டால் விரிவது தெரியாமல் போய்விடும்.

இந்த வழியை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு, 2009-ல் ஜாக் லாஸ்கரும் மிக்கேல் காஸ்டினோவும் செய்ததைப் பாருங்கள். கோள்களின் பாதையில் சின்னப் பிழை சில கோடி ஆண்டுகளில் எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பது லாஸ்கரே முன்பு காட்டியது. ஆனாலும் சூரியக் குடும்பத்தை 500 கோடி ஆண்டுகளுக்கு 2,501 தடவை ஓட்டினார்கள். ஓட்டத்துக்கு ஓட்டம் புதன் கோளின் சுற்றுப்பாதையில் வைத்த இடைவெளி 0.38 மில்லிமீட்டர். சுமார் 1 சதவீத ஓட்டங்களில் புதனின் பாதை ஆபத்தான அளவுக்கு நீள்வட்டமாக நீண்டது. ஒரு ஓட்டத்தில் பூமியோடு மோதும் பாதைகள்வரை போனது. பூமி அன்றைக்கு எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு அந்த 2,501-இல் எதுவும் பதில் சொல்லாது. புதனின் பாதை நிலைத்திருக்குமா என்ற கேள்விக்கு, 100-இல் 99 பங்கு நிலைத்திருக்கும் என்று எல்லாம் சேர்ந்து சொல்லிவிட்டன.